கியர் பாக்ஸ் போச்சா? முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்!

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் வயிற்றைக் கலக்கும் வார்த்தை ‘கியர் பாக்ஸ்’. இன்ஜினில் கோளாறு என்றால் புகை வரும், இழுவை குறையும், சூடு ஏறும். கியர் பாக்ஸ் அப்படியெல்லாம் முன்னறிவிப்பு கொடுக்காது. சத்தம்தான் அதன் முதல் புகார். ‘ஊ...’ என்று ஊளையிடும், ‘கொர்ர்’ என்று உறுமும், ‘டக் டக்’ என்று தட்டும்.

சத்தம் கேட்டதுமே காருக்குள் இருக்கிற எல்லோரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். “கியர் பாக்ஸ் போச்சு, வந்த விலைக்குத் தள்ளி விட்டுடு” என்பார் ஒருவர். “பழைய வண்டின்னா கத்தத்தான் செய்யும், பாட்டைப் போட்டுட்டு ஓட்டு” என்பார் இன்னொருவர். முதல் யோசனையைக் கேட்டால் பணம் போகும். இரண்டாவது யோசனையைக் கேட்டால் சில நேரம் உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அந்தச் சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கவனிப்பது. அதற்குக் காசு தேவையில்லை, பத்து நிமிடம் போதும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது ரொம்பவே பொருந்தும். டி.என்.55 எண் பலகையோடு இன்றும் ஓடும் பழைய மாருதி 800-களை கீரனூரிலும் ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த அந்தக் காரின் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசிடர் தொழிற்சாலையும் மூடப்பட்டது. 2010 ஏப்ரலில் புதிய மாசு விதி வந்தபோது சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் மாருதி 800 விற்பனை நிறுத்தப்பட்டது. சிறிய ஊர்களில் மட்டும் தொடர்ந்தது. அப்படி வாங்கப்பட்ட ‘கடைசிக் காலத்து’ வண்டிகளுக்கே இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டது.

இங்கே இந்தக் கார்கள் யாருடைய அந்தஸ்துக்காகவும் ஓடவில்லை. பெரியவர்களை முள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போக, பிள்ளைகளைத் திருச்சியில் கல்லூரி விடுதியில் விட, முகூர்த்த நாளில் நான்கு கல்யாணத்துக்குத் தலை காட்ட. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் வாசலில் நிற்க வேண்டிய வண்டி அது. அதனால், அதன் சத்தத்தைச் சரியாகப் படிப்பது வீட்டுக் காரியம்.

எதோடு சேர்ந்து ஓடுகிறது?

புதுக்கோட்டை, காது பழகிய மண். குடுமியான்மலைக் குன்றில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்த மான்பூண்டியா பிள்ளையும், அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் இந்த ஊரின் பெயரைத் தாள உலகத்தில் நிலைக்க வைத்தவர்கள். கச்சேரியில் மூன்று பேர் ஒன்றாக வாசித்தாலும், எந்தத் தட்டு யாருடையது என்று ரசிகர் பிரித்துக் கேட்பார் இல்லையா? காரிலும் அதே வேலைதான்.

காரில் ஓடும் ‘காலப்பிரமாணம்’ இரண்டு. ஒன்று, இன்ஜின் சுற்றும் வேகம். இன்னொன்று, சக்கரம் சுற்றும் வேகம். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கிளட்ச் இருக்கிறது, கியர் பாக்ஸ் இருக்கிறது, டிஃபரன்ஷியல் இருக்கிறது. சத்தம் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கினால் கோளாறு அந்தப் பக்கம். சக்கர வேகத்தோடு ஏறி இறங்கினால் இந்தப் பக்கம். இந்த ஒரு கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

வண்டி நிற்கும்போது...

சமதளமான இடத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்கள். கண்ணாடியை இறக்கி, ஏ.சி-யையும் பாட்டையும் நிறுத்திவிடுங்கள்.

கிளட்ச்சில் கால் வைக்காதபோது ‘கரகர’வென்று சத்தம் கேட்கிறது. கிளட்ச்சை முழுக்க மிதித்ததும் அடங்கிவிடுகிறது. இப்படி இருந்தால் சந்தேகம் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல். கிளட்ச்சை விட்டிருக்கும்போது அந்த ஷாஃப்ட் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. மிதித்தால் நின்றுவிடுகிறது. அதனால்தான் சத்தமும் நிற்கிறது.

இதற்கு நேர்மாறாக, கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் ‘கீ...’ என்று கேட்டால் அது ரிலீஸ் பேரிங். கிளட்ச் பெடலில் எப்போதும் காலை வைத்தபடி ஓட்டுபவர்களின் வண்டியில் இது சீக்கிரம் தேயும். கியர் பாக்ஸுக்குள் எந்தக் கோளாறும் இல்லாமலே இந்தச் சத்தம் வரலாம்.

ரிவர்ஸ் கியரில் மட்டும் ‘ஙொய்ங்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான பழைய கார்களில் முன்னோக்கிப் போகும் கியர்களின் பற்கள் சாய்வாகவும், ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராகவும் வெட்டப்பட்டிருக்கும். நேர் பற்கள் கத்தத்தான் செய்யும். புதிதாக வாங்கிய நாளிலும் அது கத்தியிருக்கும்.

ரிவர்ஸ் போடும்போது ‘கர்ர்ர்க்’ என்று பல் உரசுகிறதா? கிளட்ச்சை மிதித்து, மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்போது சத்தமில்லாமல் விழுந்தால் அவசரம்தான் காரணம். காத்திருந்தும் உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். கேபிளை அட்ஜஸ்ட் செய்தாலே பல வண்டிகளில் இது சரியாகும்.

வண்டி ஓடும்போது...

இதற்கு வாகன நெரிசல் இல்லாத, நேரான சாலை வேண்டும். காலை நேரம் நல்லது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்கட்டும், ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும்.

மணிக்கு 40 கிலோமீட்டரில் மூன்றாவது கியரில் போங்கள். அதே 40-ல் நான்காவதுக்கு மாற்றுங்கள். சக்கர வேகம் மாறவில்லை, இன்ஜின் வேகம் மட்டும் குறைந்திருக்கிறது. சத்தத்தின் சுருதியும் சேர்ந்து இறங்கினால், கோளாறு இன்ஜின் அல்லது கியர் பாக்ஸின் முன்பகுதியில் இருக்கலாம். கொஞ்சம்கூட மாறவில்லையென்றால், கியர் பாக்ஸைத் தாண்டிய பகுதிகளான டிஃபரன்ஷியல், வீல் பேரிங், டயர் ஆகியவற்றின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால், அந்தக் கியரின் பற்களிலோ பேரிங்கிலோ தேய்மானம் இருக்கலாம்.

அம்பாசிடர் போல இன்ஜின் முன்னாலும் இழுவை பின்னாலும் உள்ள கார்களில் இன்னொரு குறிப்பு உண்டு. அவற்றில் டாப் கியர் என்பது நேர் இணைப்பு, இழுவை பக்கத்து ஷாஃப்ட் வழியாகப் போகாது. மற்ற கியர்களில் உறுமிவிட்டு, டாப் கியரில் மட்டும் வண்டி அமைதியாக ஓடினால், சந்தேகம் அந்தப் பக்கத்து ஷாஃப்டின் பேரிங் மேல்.

அடுத்து, ஆக்சிலரேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். மிதித்தால் ஒரு சத்தம், விட்டால் வேறு சத்தம் என்று மாறினால், பற்களில் ஏறும் சுமையோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது. அது கியராகவோ டிஃபரன்ஷியலாகவோ இருக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே ‘ஹூ...’ என்றால் வீல் பேரிங்கோ டயரோதான்.

டயரையும் வீல் பேரிங்கையும் பிரிப்பது சுலபம். தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறும்போது சத்தத்தின் குணமும் மாறினால் டயர். எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி என்றால் பேரிங். வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் பெரும்பாலும் இடப்பக்கச் சக்கரம், இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கச் சக்கரம். திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கச் சக்கரத்தில் சாய்வதுதான் காரணம்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது ‘டக் டக் டக்’ என்றால், முன்சக்கர இழுவை கார்களில் அது ஆக்ஸில் முனையில் இருக்கும் சி.வி. ஜாயின்ட். கியர் மாற்றியதும் அல்லது ஆக்சிலரேட்டரை விட்டதும் ஒரே ஒரு ‘தொம்’ என்றால், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்டிங்கைப் பார்க்கச் சொல்லலாம். ஆம்னி, அம்பாசிடர் வண்டிகளில் இதே ‘தொம்’, நீளமான ஷாஃப்டின் ஜாயின்ட்டிலிருந்தும் வரலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சத்தம் கேட்பதற்காக ஓடும் காரில் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தவே கூடாது. பிரேக்குக்கு உதவும் விசை போய்விடும், ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளலாம்.

‘தம்பி, ஒரு நிமிஷம்!’

1991-ல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பாவாடை தாவணியில் சைக்கிள் மிதித்த அந்தப் பெண்களில் சிலருக்கு இன்று ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, வீட்டு வண்டியின் சாவி அவர்கள் கையில் இருக்கிறது.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஆலங்குடிப் பக்கம், 15 வயதை நெருங்கும் ஒரு மாருதி 800. மாமியாரை மாதம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது அந்த வண்டிதான். சில வாரங்களாக 40-ஐத் தாண்டினால் ஒரு உறுமல். போனில் கணவர், “யாராவது கேட்டா கொடுத்துடு” என்கிறார். மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

“அக்கா, கியர் பாக்ஸ இறக்கிப் பாத்துடலாம். உள்ள பேரிங் எல்லாம் போயிருக்கும்.”

“தம்பி, ஒரு நிமிஷம். நாப்பதுல மூணாவது கியர் போட்டாலும் நாலாவது போட்டாலும் ஒரே மாதிரிதான் கேக்குது. ஆக்சிலேட்டர விட்டாலும் குறையல. வலப்பக்கம் வளைஞ்சா மட்டும் ஜாஸ்தி ஆகுது.”

அவர் ஒரு கணம் யோசிக்கிறார். “அப்படியாக்கா? அப்ப இடப்பக்க முன் வீல மொதல்ல தூக்கிப் பாப்போம். இதைச் சொன்னதும் நல்லதாப் போச்சு.”

சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றி, இன்னொரு கையை சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங்கில் வைத்தால் உள்ளே மணல் அரைபடுவதுபோல ஓர் அதிர்வு. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டம். பேரிங்தான்.

இங்கே மெக்கானிக் ஏமாற்றுக்காரர் இல்லை. பேரிங்கின் உறுமல் காரின் உடம்பு முழுக்கப் பரவி, நடுவிலிருந்து வருவதுபோலவே காதில் விழும். தினமும் ஓட்டுபவர் ஒரு மாதமாகக் கேட்ட சத்தத்தை அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி எங்கே, ஒரு வீல் பேரிங் மாற்றும் செலவு எங்கே! அந்த வித்தியாசத்தை மிச்சப்படுத்தியவை அந்த அம்மா சொன்ன மூன்று வாக்கியங்கள்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைக்காமல், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் தூக்கவே வேண்டாம்.

ஆயில் சொல்லும் சேதி

இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட கியர் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். சத்தம் சந்தேகமாக இருந்தால், கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் ஆயிலை வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் தடவினால் போதும்.

வடிகால் திருகில் காந்தம் இருந்தால், அதில் மை போல நைசான சாம்பல் நிறப் படிவு இருப்பது வயதின் அடையாளம், பரவாயில்லை. கையில் நெருடும் இரும்புத் துணுக்குகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. பொன்னிறத் துகள்கள் மின்னினால், கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையங்கள் தேய்கின்றன. ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பிச் சாலையில் ஓடும் தண்ணீருக்குள் காரை இறக்கியிருந்தால், கியர் பாக்ஸின் காற்றுத் துளை வழியாக அது உள்ளே போயிருக்கலாம். கோட்டைப்பட்டினம், மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று அடியில் உள்ள இரும்பை வேகமாக அரிக்கும் என்பதால், சீல்களையும் திருகுகளையும் அடிக்கடி பார்ப்பது நல்லது.

முன்சக்கரங்களுக்கு உள்பக்கமாகத் தரையில் எண்ணெய்ச் சொட்டு தெரிகிறதா? ஆக்ஸில் சீல் கசிகிறது. சொட்டுச் சொட்டாகப் போனாலும் ஒரு நாள் உள்ளே ஆயில் இல்லாமல் போகும். பல கியர் பாக்ஸ்களின் கதை அந்த ஒரு சின்ன ரப்பர் வளையத்தில்தான் முடிகிறது.

எந்த ஆயில் ஊற்றுவது என்பதில் கடைக்காரர் சொல்வதைவிடக் காரின் கையேடு சொல்வதுதான் முக்கியம். ‘ஜி.எல். 4’ என்று அதில் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். சில ‘ஜி.எல். 5’ ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை வளையங்களுக்கு ஆகாது. ‘தடிமனான ஆயில் ஊற்றினால் சத்தம் போய்விடும்’ என்ற யோசனையும் வரும். சத்தம் குறையும், தேய்மானம் குறையாது. பழைய கார் வாங்கும்போது இதை மனசில் வையுங்கள். கியர் பாக்ஸின் சத்தத்தை மறைக்க ஆயிலில் மரத்தூள் கலந்து விற்ற கதைகள் உலகம் முழுக்க உண்டு.

எதோடு வாழலாம்?

வயதானால் முட்டியில் சத்தம் வரும், அதற்காக எல்லோரும் ஆபரேஷனுக்கு ஓடுவதில்லை. காருக்கும் அப்படித்தான்.

மாதக்கணக்கில் கூடாமல் குறையாமல் ஒரே மாதிரி வரும் லேசான ஊளை, ஆயிலில் துணுக்கு எதுவும் இல்லை, கியர் சுலபமாக விழுகிறது என்றால் அந்தச் சத்தத்தோடு வாழலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது கியர் மட்டும் உரசிக்கொண்டு விழுகிறதா? பழைய லாரி டிரைவர்களின் வித்தை கைகொடுக்கும். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்ச்சை விட்டு மீண்டும் ஒருமுறை மிதித்துப் பிறகு கியரைப் போடுங்கள். மேல் கியரிலிருந்து கீழே இறக்கும்போது, நியூட்ரலில் கிளட்ச்சை விட்ட கணத்தில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும். பற்களின் வேகம் சமமாகி, கியர் வெண்ணெய்போல விழும். கியர் கம்பியின் மேல் கையைச் சாய்த்து வைக்கும் பழக்கத்தையும் கிளட்ச் மேல் காலை வைக்கும் பழக்கத்தையும் விட்டால், தேய்மானம் தள்ளிப்போகும்.

எதோடு வாழவே கூடாது என்பதற்கும் பட்டியல் உண்டு. வாரா வாரம் கூடும் சத்தம். கையால் ஆட்டினால் ஆடும் சக்கரம். ஆயிலில் இரும்புத் துணுக்கு. நிற்காத கசிவு. ஓடும்போது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும் கியர். கடைசியாகச் சொன்னதை ‘கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டினா போதும்’ என்று சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். திருச்சி நெடுஞ்சாலையில் லாரியை முந்தும் நேரத்தில் கியர் கழன்றால், எதிரே வரும் பேருந்துக்கு அது தெரியாது. பேரிங் போன சக்கரத்தோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவதும் அதே ரகம்தான். இப்படிப்பட்ட நிலையில் வண்டி வாசலிலேயே நிற்கட்டும். அவசரத்துக்கு 108 இருக்கிறது.

விற்கவா, பழுது பார்க்கவா?

கணக்குப் போடும்போது பழுதுச் செலவை மட்டும் பார்க்கக் கூடாது. தனியார் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு, வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. டெல்லிக்கென்று உள்ள வயதுக் கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை என்பதால், ‘15 வருஷம் ஆச்சு, இனி ஓட்டவே முடியாது’ என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பவரிடம் ஏமாற வேண்டியதில்லை.

இன்ஜின் நன்றாக இருக்கிறது, அடிப்பகுதி துருப்பிடிக்கவில்லை, பதிவுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன என்றால், கியர் பாக்ஸுக்குச் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. இறக்குவது என்று முடிவானால், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல்கள் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். கூலி ஒன்றுதான். பழைய கியர் பாக்ஸை வாங்கி மாற்றுவதாக இருந்தால், ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்து, ஆயில் திருகைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, ‘சரியில்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்’ என்று பில்லில் எழுதித் தருபவரிடம் வாங்குங்கள். அடிப்பகுதி உளுத்து, பதிவும் முடியப் போகிறது என்றால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு விடை கொடுப்பதே மேல்.

எந்த முடிவுக்கும் முன்னால் ஒரு துண்டுச் சீட்டு எழுதுங்கள். எந்த வேகத்தில் வருகிறது? எந்தக் கியரில்? கிளட்ச்சை மிதித்தால் என்ன ஆகிறது? ஆக்சிலரேட்டரை விட்டால்? எந்தப் பக்கம் திரும்பினால் கூடுகிறது? எத்தனை நாளாக, கூடுகிறதா, அப்படியே இருக்கிறதா? போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளவும் முடியும். டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் போவதுபோல, அதை மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் வரும் வரை ஒரு ரவுண்டு நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் அவர் அந்தச் சீட்டைப் படிக்கட்டும்.

(அடுத்த வாரம்: பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா?)